சிகரெட் லைட்டரின் துளை: கொல்கத்தாச் சரக்கு வண்டிகளில் 12 வோல்ட் மின்சாரத்தின் வரலாறு

சிறிய சரக்கு வண்டிகளின் முகப்புப் பலகையில், கியர்த் தண்டுக்கு அருகே, மூடியிட்ட வட்டத் துளை ஒன்றைக் காணலாம். நிறுவனத்தின் கையேடு அதனைப் ‘பவர் அவுட்லெட்’ என்கிறது. ஓட்டுநர் ‘சார்ஜிங் பாயிண்ட்’ என்கிறார். இவ்விரண்டு பெயர்களும் பிற்காலத்தவை. சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் தீ மூட்ட ஏற்பட்ட துளை அது. பயன் மறைந்த பின்னும் வடிவம் மறையாமல் நிற்கும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாகத் தொழில்நுட்ப வரலாற்று வகுப்புகளில் இதனைச் சொல்வதுண்டு. சொல்லப்படும் செய்தி சரியானதே. ஆயினும் அது அமெரிக்கத் தனிமனிதக் கார் உரிமையாளரின் கதை. அவருடைய கார், அவருடைய பேட்டரி, அவருடைய சிகரெட். இடையில் வேறு எவரும் இல்லை.

கொல்கத்தாவில் அவ்வாறு இல்லை. அங்கே வண்டி ஒருவருடையது, ஓட்டுபவர் மற்றொருவர். பேட்டரியை மாற்றும் செலவு முன்னவருக்கு, பேட்டரியின் தேவை பின்னவருக்கு. அந்நகரத்து வண்டிகளின் துணை மின்சாரத்தை வசதிப்பொருள்களின் வரலாறாக எழுதினால் பாதிச் செய்தி விடுபட்டுப்போகும். பேட்டரியிலிருந்து யார், எப்பொழுது, யாருடைய இசைவுடன் மின்சாரம் எடுக்கலாம் என்ற வழக்காக அதனைப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. நகர வரலாறும் உழைப்பு வரலாறும் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு இப்பதிவை எழுதுகிறேன்.

முதலில் துளையின் வடிவத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கழற்றி எடுக்கக்கூடிய சூடேற்றிக் குமிழைக் கொண்ட லைட்டருக்கு மாரிஸ் என்பவர் 1921இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1920களின் நடுவிலிருந்து கார்களில் அது பரவியது. அக்காலத்துக் கார்களில் 6 வோல்ட் பேட்டரியே இருந்தது. பெரிய எஞ்சின்களைச் சுழற்றித் துவக்க அது போதாமற்போகவே, 1950களில் அமெரிக்க நிறுவனங்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. ஒரே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகக் குறையும், கம்பியும் மெலிதாகலாம். ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை, நடுவில் நேர்முனை, சுற்றுச்சுவர் எதிர்முனை: இந்த அமைப்பு பின்னர் நியமமாயிற்று. அந்நியமத்துக்குள்ளேயே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வேறுபடும் இரண்டு அளவுகள் உள்ளன. ஒரு வண்டியில் இறுகப் பொருந்தும் சார்ஜர் இன்னொன்றில் தளர்ந்து ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். லைட்டர்க் குமிழ் சில நொடிகள் மட்டுமே உள்ளே அழுந்தியிருந்து, சிவந்து, தானே வெளியே துள்ளிவிடும். கடும் மின்னோட்டம், குறுங்காலம் என்பதே அதன் இயல்பு. மணிக்கணக்காக ஒரு செருகி அதில் தங்கும் என்று எவரும் எண்ணி அதனை அமைக்கவில்லை. குண்டும் குழியுமான சாலையில் செருகி தளர்வதும், தொடுமுனை சூடேறுவதும், பிளாஸ்டிக் உருகுவதும் அப்பிறப்பின் விளைவுகள்.

இனிக் கொல்கத்தாவுக்கு வருவோம். இந்நாட்டில் மின்விளக்கைப் பொதுமக்கள் முன்னிலையில் எரித்துக்காட்டிய தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று 1879 ஜூலையில் இந்நகரத்தில் நடந்தது. 1895இல் கல்கத்தா மின்விளக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1897இல் கில்பர்ன் நிறுவனத்துக்கு 21 ஆண்டு உரிமம் கிடைத்தது. அதன்வழி இலண்டனில் பதிவான நிறுவனமே பின்னாளில் கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் ஆயிற்று. 1899 ஏப்ரல் 17 அன்று பிரின்செப் தெருவை அடுத்த இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902இல் டிராம் வண்டிகள் குதிரையை விட்டு மின்சாரத்துக்கு மாறத் தொடங்கின.

இவை பலரும் அறிந்த ஆண்டுகள். நம் பொருளுக்கு வேண்டியது இவற்றுள் அடங்கிய ஒரு சிறு செய்தி: நகரம் முதலில் பெற்றது நேர்திசை மின்னோட்டம். பேட்டரி தருவதும் கொள்வதும் அதே வகைதான். மாறுதிசை மின்னோட்டம் வரும் வீட்டில் பேட்டரிக்கு மின்னேற்ற ஒரு மின்திருத்தி வேண்டும். நேர்திசை மின்னோட்டம் வரும் வீட்டிலோ, இடையே தக்க விளக்குகளைத் தொடராகப் பொருத்தி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினாலே பேட்டரி நிறைந்துவிடும். வாகன பேட்டரியை வீட்டு மின்சாரத்தின் சேமிப்பாகக் கருதும் பழக்கத்துக்கு இந்நகரத்தில் தொழில்நுட்பத் தடை குறைவாகவே இருந்தது.

தொழில் முயற்சிகளும் அருகிலேயே அமைந்தன. அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் (ஈஸ்டர்ன்) என்னும் நிறுவனம் 1947இல் கல்கத்தாவில் பதிவாயிற்று. அதன் தொழிற்சாலை ஷியாம்நகரில் இருந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 1995இல் அது எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் ஆயிற்று. ஹூக்ளியின் மேற்குக்கரையில், உத்தரபாராவில், பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்தது. பிரித்தானிய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை 1950களின் இறுதியில் அங்கே அம்பாசடராக மாறியது. காரின் மின்பாகங்களுக்குத் தமிழகத்துடனும் தொடர்புண்டு: டைனமோ, ஸ்டார்ட்டர் முதலியவற்றை இந்தியாவில் உற்பத்தி செய்ய 1961இல் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். சென்னைப் பாடியில் உள்ளது.

டைனமோவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் பேட்டரி குறித்த ஓட்டுநர் ஒழுக்கம் முழுவதும் அதிலிருந்தே பிறந்தது. டைனமோவில் மின்சாரம் சுழலும் பாகத்தில் உண்டாகிறது. கம்யூட்டேட்டர் வழியாக, கார்பன் பிரஷ்களின் மூலம் வெளிவருகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதன் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தை எட்டாது. பேட்டரி தானே எல்லாச் சுமையையும் சுமக்கும். முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்து அதனை அறிவிக்கும். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் நிலையான சுருளில் பிறக்கிறது. டயோடுகள் அதனை நேர்திசைப்படுத்துகின்றன. குறைந்த வேகத்திலும் மின்னேற்றம் நிகழ்கிறது. 1960இல் கிரைஸ்லர் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய பின் அது உலகெங்கும் பரவிற்று. இந்தியச் சாலைகளில் டைனமோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இதனைக் கொல்கத்தாவின் சாலைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். சாலைப்பரப்பு மிகக் குறைந்த நகரம். ஹவுரா பாலத்துக்கு முன்னும் படாபஜாரின் உள்ளும் வண்டிகள் ஊர்வதையே ஓட்டமென்று சொல்ல வேண்டும். டைனமோ வண்டி அங்கே நாள் முழுவதும் இயங்கியும் பேட்டரி நிரம்பாது. நெரிசலில் நிற்கும்போது முகப்பு விளக்கை அணைப்பது, இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது, ‘செல்ஃப்’ எடுக்காதபோது தள்ளிவிட ஆள் தேடுவது ஆகியவற்றை ஓட்டுநர்களின் கஞ்சத்தனமாகப் பயணக்குறிப்புகளில் எழுதுவோர் உளர். பொறியியல் நோக்கில் அது முறையான சிக்கனம். பேட்டரி பொதுச்சொத்து போன்றது, அதனைத் தொடுமுன் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உணர்வு அக்காலத்தில் ஊன்றியது. ஆல்டர்னேட்டர் வந்த பிறகும் அவ்வுணர்வு போகவில்லை. தொழில்நுட்பம் மாறினாலும் அதனையொட்டிய ஒழுக்கம் ஒரு தலைமுறை பிந்தியே மாறும்.

இத்தகைய சிக்கனத்துக்கு நடுவிலும் துணைச்சுமைகள் சில இருந்தன. அவற்றுள் மூத்தது எது என்று கேட்டால், சிகரெட் லைட்டர் என்று நான் சொல்லமாட்டேன். வாடகைக் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் லைட்டர் பொருத்துவது அரிது, தீப்பெட்டி மலிவானது. ஆனால் காளி படத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கொன்று எரியாத வண்டி குறைவு. அதற்கு மின்சாரம் பெரும்பாலும் பார்க்கிங் விளக்கின் கம்பியிலிருந்து கிளைக்கும். இருட்டியதும் ஓட்டுநர் சிறுவிளக்கைப் போடுவார். அதே கணத்தில் தேவியின் முகம் ஒளிபெறும். 5 வாட் அளவுள்ள இந்த விளக்குக்கு உரிமையாளர் எவரும் மறுப்புச் சொன்னதில்லை. இதற்கு அடுத்தது வெயிலுக்கு வைத்த சிறு மின்விசிறி. அது தெய்வத்துக்கன்று, ஓட்டுநரின் உடம்புக்கு. எனவே அங்கே பேச்சுவார்த்தை தொடங்கியது. விளக்குக்கு இசைந்தவர் விசிறிக்குத் தயங்குவார். விசிறிக்கு இசைந்தவர் டேப் ரெக்கார்டருக்குத் தயங்குவார். சுமை வாட்டில் அளக்கப்பட்டதைவிட, அதன் பயனாளி யார் என்பதால் அதிகம் அளக்கப்பட்டது.

பேட்டரியின் வரலாற்றில் இன்னொரு கிளை உண்டு. அது வண்டிக்குள் அன்று, வண்டிக்கு வெளியே வளர்ந்தது. 1970களின் கொல்கத்தா மின்வெட்டுக்குப் பெயர்பெற்றது. ‘லோட்ஷெடிங்’ என்ற சொல் அக்காலத்தில் வங்காளியின் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1980களில் டிட்டாகரிலும் கோலாகாட்டிலும் புதிய அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 1997இல் பட்ஜ் பட்ஜ் நிலையமும் சேர்ந்த பின்னரே நகரம் இருளச்சத்திலிருந்து பெரிதும் விடுபட்டது. இடைப்பட்ட காலத்தில் வீடுகளிலும் கடைகளிலும் கார் பேட்டரி புகுந்தது. குழல்விளக்கு ஒன்றையோ சிறு விசிறியையோ அது இயக்கியது. மின்சாரமே எட்டாத வங்கக் கிராமங்களில் சைக்கிளின் பின்இருக்கையில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு மின்னேற்றும் கடைக்குச் சென்று வருவது ஒரு வாராந்தரக் கடமையாயிற்று. கையடக்கக் கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சிகளில் 12 வோல்ட் இணைப்புக்குத் தனித்துளை இருந்தது. 1987-88இல் தூர்தர்ஷன் இராமாயணத்தை ஒளிபரப்பியபோது நாடெங்கும் எத்தனையோ சிற்றூர்கள் அத்துளையின் வழியாகவே இராமனைக் கண்டன. தமிழ்நாட்டின் மின்னிணைப்பு இல்லாத குடியிருப்புகளிலும் இதே காட்சி இருந்ததை மூத்தோர் சொல்லக் கேட்கலாம்.

ஒலிபெருக்கியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசியல் கூட்ட அறிவிப்பு, சிட்பண்டு விளம்பரம், இரத்ததான முகாம், பூசைக்குழுவின் நன்கொடை வேண்டுகோள் அனைத்தும் ரிக்ஷாவில் வைத்த ஒலிபெருக்கியால் தெருத்தெருவாகச் சென்றன. ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 12 வோல்ட்டுக்கு இரண்டு திருகுமுனைகள் இருக்கும்; ரிக்ஷாக்காரரின் காலடியில் ஒரு லாரி பேட்டரி. துர்க்கை பூசையின் விசர்சன ஊர்வலத்தில் சிலையை ஏற்றிச்செல்லும் சரக்கு வண்டியிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது; விளக்குகள் பெருகியபோது ஜெனரேட்டர் தனி வண்டியில் வந்தது.

மேலை நாடுகளில் நடந்தது கருவிகள் வண்டிக்குள் நுழைந்த வரலாறு: முதலில் லைட்டர், பின் வானொலி, பின் தொலைபேசி. வங்கத்தில் அதற்கு முன்பே பேட்டரி வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கும் தெருவுக்கும் பந்தலுக்கும் போய்விட்டது. 12 வோல்ட் என்பது என்ன, எந்த முனை சிவப்பு, எந்தக் கம்பி தடித்திருக்க வேண்டும் என்ற அறிவு காரே வைத்திராத குடும்பங்களிலும் இருந்தது. துளை அங்கே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது, அதற்கு வேண்டிய கைவினை அறிவு ஏற்கெனவே மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளிலும், எஸ்ரா தெருவின் மின்பொருள் மொத்தக்கடைகளிலும், சாந்தினி சௌக்கின் சிறு பட்டறைகளிலும் நிறைந்து கிடந்தது.

கைப்பேசியின் தோற்றமும் இதே நகரத்தில்தான். 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியிலிருந்த ஒன்றிய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் அது. அன்று அது கனவான்களின் கருவி. அடுத்த பத்தாண்டுகளில் அது ஓட்டுநரின் சட்டைப்பையை அடைந்துவிட்டது. திருப்பெரும்புதூரில் செய்த நோக்கியா பேசிகள் ஒரு மெல்லிய ஊசிமுனையைக் கேட்டன, பிற நிறுவனங்கள் வேறுவேறு முனைகளைக் கேட்டன. ஒரு தலையில் லைட்டர்ச் செருகியும் மறுதலையில் பலவகை முனைகளும் கொண்ட கம்பிக்கொத்துகள் எஸ்பிளனேடு நடைபாதைகளில் விற்பனைக்கு வந்தன. அப்பொருளை எந்த அருங்காட்சியகமும் சேகரித்ததாகத் தெரியவில்லை. சேகரித்தால் ஒரு பத்தாண்டின் தொழில்நுட்பக் குழப்பம் முழுவதும் அதில் தெரியும்.

சரக்கு வண்டிகளும் அக்காலத்தில் மாறின. வங்காளி இன்றும் எந்தச் சிறு சரக்கு வண்டியையும் ‘மேட்டடோர்’ என்றே சொல்வார். பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மேட்டடார் வண்டி மறைந்தும் பெயர் பொதுப்பெயராக நின்றுவிட்டது. 2005 மே மாதம் டாட்டா ஏஸ் வெளியானது: இரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 700 கன செ.மீ. டீசல் எஞ்சின். வங்கத்திலும் வடக்கிலும் அது ‘சோட்டா ஹாத்தி’, தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’. 2008 ஜூலையில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களைப் பெருநகரப் பகுதியிலிருந்து விலக்க ஆணையிட்டது. 2009இன் நடுவில் அது நடைமுறைக்கு வந்தது. காற்று மாசு பற்றிய தீர்ப்பாகவே அது எழுதப்படுகிறது. அதன் பக்கவிளைவாக நகரத்தின் மின்னியந்திரங்களும் ஒரே அடியில் புதுப்பிக்கப்பட்டன: டைனமோ வண்டிகளில் எஞ்சியிருந்தவை போய், ஆல்டர்னேட்டர் வண்டிகள் நிறைந்தன. 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே காலத்தில் செயலிவழி வாடகைக் கார்கள் நகரத்தில் ஓடத் தொடங்கின. சரக்குக்கும் அவ்வகைச் செயலிகள் பின்தொடர்ந்தன.

இங்கே வழக்கு புதிய கட்டத்தை அடைகிறது. அதுவரை கைப்பேசி ஓட்டுநரின் சொந்தப்பொருள், அதற்கு மின்னேற்றுவது சலுகை. இப்போது சரக்கின் முகவரி, வழி, கூலி, ஒப்படைத்த சான்று அனைத்தும் பேசித்திரையில் உள்ளன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்குகளுக்கு மின்வழிச்சீட்டு கட்டாயம். அதே ஆண்டில் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் கைப்பேசியில் காட்டினால் ஏற்கலாம் என்று ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தியது. நல்ல சீர்திருத்தம்தான், ஆனால் அது பேசி உயிரோடு இருப்பதை எடுகோளாகக் கொண்டது. மின்னேற்றம் தீர்ந்த பேசியை வைத்திருப்பவர் சோதனைச்சாவடியில் உரிமம் இல்லாதவராகத் தோன்றக்கூடும். கருவி தொழிற்கருவியாகிவிட்டது, அதற்கான மின்சாரம் இன்னும் சலுகையாகவே உள்ளது.

இந்த முரண் முழுமையாக வெளிப்படுவது இரவில். கனரக வாகனங்கள் பகலில் கொல்கத்தாவுக்குள் நுழையத் தடை உண்டு; சிறு சரக்கு வண்டிகளுக்கும் பல சாலைகளில் நேரக்கட்டுப்பாடு உண்டு. ஆகவே சியால்தா அருகே கோலே மார்க்கெட்டிலும், போஸ்தாவிலும், படாபஜாரின் சந்துகளிலும் வண்டிகள் நள்ளிரவிலிருந்து விடியும்வரை காத்துக்கிடக்கும். பீகாரிலிருந்தும் வங்கத்தின் வெளிமாவட்டங்களிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள் பலருக்கு வண்டியே படுக்கையறை. எஞ்சின் அணைந்திருக்கும், டீசல் எரித்துக் காத்திருப்பது கட்டாது. துளையோ சாவியைத் திருப்பி ‘ஆக்சஸரி’ நிலையில் வைத்தால் மட்டுமே உயிர்பெறும்படி பல வண்டிகளில் இணைக்கப்பட்டிருக்கும். சாவியைப் பூட்டில் விட்டுவிட்டுத் தூங்குவது எவ்வளவு பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது உரிமையாளரின் அச்சத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது நியாயம். 50 ஆம்பியர்-மணி அளவுள்ள 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 600 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இன்றைய பேசி ஒன்றை முழுதாக நிரப்ப, இழப்பையும் சேர்த்து, 20 வாட்-மணி போதும். அதாவது முப்பதில் ஒரு பங்கு. இரண்டு முகப்பு விளக்குகளும் 10 நிமிடங்கள் எரிந்தால் செலவாகும் ஆற்றல் இது. 12 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 96 வாட்-மணி. ஆறில் ஒரு பங்கு. புதிய பேட்டரி இதனைத் தாங்கும். ஆனால் வண்டி பேட்டரி சிறிது சிறிதாக நெடுநேரம் கொடுப்பதற்குச் செய்யப்பட்டதன்று. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்யப்பட்டது. மெலிந்த தகடுகள் பல அதில் நெருங்கி நிற்கும். ஆழமாக வெறுமையாகி, அதே நிலையில் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும். மூன்றாண்டு உழைக்க வேண்டியது ஒன்றரை ஆண்டில் போய்விடலாம். ஆகவே உரிமையாளரின் அச்சம் விசிறியளவில் ஓரளவு நியாயமானது, பேசியளவில் ஆதாரமற்றது. இரண்டையும் ஒரே தடைக்குள் அடைத்ததில்தான் டைனமோ காலத்து ஒழுக்கம் இன்னும் பேசுகிறது.

தடை இருக்கும் இடத்தில் மாற்றுவழி பிறக்கும். பேட்டரி முனையிலிருந்தே நேராகக் கம்பி இழுத்து, இருக்கைக்கு அடியில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திக்கொள்வது அவற்றுள் எளியது. பட்டறையில் சிறிது நேர வேலை. தொழிற்சாலைச் சுற்றில் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது உருகி வண்டியைக் காக்கும். நேராக இழுத்த கம்பியில் பல வேளைகளில் அது இருக்காது. தகட்டு விளிம்பில் உராய்ந்து உறை கிழிந்தால், பேட்டரியின் முழு ஆற்றலும் அவ்விடத்தில் வெப்பமாகும். பியூஸ் விலை ஒரு தேநீர் விலைதான். எனினும் ஒளித்துச் செய்யும் வேலையில் பாதுகாப்பு முதலில் விடுபடும். உரிமையாளர் வெளிப்படையாக இசைந்திருந்தால் அதே மிஸ்திரி பியூஸ் வைத்தே செய்திருப்பார்.

24 வோல்ட் லாரிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. அவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். 12 வோல்ட் கருவிகளுக்காக அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுத்துவிடுவார்கள். ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒரே தொடராகவே காண்கிறது. எது அதிகம் இழந்தது என்று அதற்குத் தெரியாது. எடுத்தது குறைநிறைவாகவே நின்று சல்பேட்டு படியும். எடுக்காதது மிகைநிறைவாகி நீர் வற்றும். ஒன்றின் மீது வைத்த சுமையால் இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் மாற்றியைப் பொருத்தினால் இச்சிக்கல் தீரும். அதன் செலவு யாருடையது என்ற கேள்வியில் அது நின்றுவிடுகிறது.

இவ்விடத்தில் சட்டம் எப்பக்கம் நிற்கிறது என்பதையும் நோக்க வேண்டும். 2019 சனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் பொருத்த வேண்டும் என்று ஒன்றிய விதி ஏற்பட்டது. மூன்றுசக்கர வண்டிகள் போன்றவற்றுக்கு விலக்குண்டு. அக்கருவி வண்டி பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டும்; பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் இயங்கத் தன்னுள் ஒரு சேமிப்பும் வேண்டும். சரக்கு வண்டிகளில் உரிமையாளர்கள் தாமே முன்வந்து அத்தகைய கருவிகளைப் பொருத்துகின்றனர். அவற்றுக்குச் சாவி நிலை தடையன்று, எஞ்சின் அணைவதும் தடையன்று. பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்ட விதியை நான் குறைகூறவில்லை. ஓட்டுநர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும் கருவிக்கு இரவு முழுவதும் மின்சாரம் பெறும் உரிமை உண்டு; ஓட்டுநரே தம் வீட்டாருடன் பேசும் கருவிக்கு அவ்வுரிமை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. ஒரே பேட்டரியின் இரண்டு கம்பிகள் இவை. ஆவணக்காப்பகத்தில் வர்க்க உறவைத் தேடும் மாணவர் வண்டியின் வயரிங் வரைபடத்தையும் ஒரு முறை விரித்துப் பார்க்கலாம்.

வட்டத் துளை இப்போது மெல்ல மறைந்துவருகிறது. புதிய வண்டிகளில் அதற்குப் பக்கத்திலோ பதிலாகவோ யு.எஸ்.பி. துளை வருகிறது, 12 வோல்ட்டை உள்ளேயே 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. பேசிக்கு அது வசதி. விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் காளியின் விளக்குக்கும் அது பயன்படாது. ஆகையால் மல்லிக் பஜாருக்கு வேலை குறையவில்லை. நகரின் விளிம்புகளில் ஓடும் டோட்டோ என்னும் மின்ரிக்ஷாக்களில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக நின்று 48 வோல்ட் தருகின்றன. பாட்டுப்பெட்டிக்கு நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுக்கும் பழைய லாரிப் பழக்கம் அங்கே மறுபிறவி எடுத்துள்ளது, விளைவும் அதுவே. பெரும்பாலும் டோட்டோ ஓட்டுநரே அதன் உரிமையாளர் என்பதால், கெடும் பேட்டரியும் அவருடையது.

டாட்டா ஏஸின் மின்வடிவம் 2022 மே மாதம் அறிமுகமாயிற்று. மின்வாகனங்களிலும் விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் உரிய துணைச்சுற்று பொதுவாக 12 வோல்ட்தான். நிறுத்திய வண்டியில் துணைச்சுமைகளைக் குறித்த நேரத்துக்குப் பின் தானே அணைக்கும் மென்பொருள் புதிய வாகனங்கள் பலவற்றில் உள்ளது. சாவியிடம் இருந்த அதிகாரம் நிரலுக்குப் போகிறது; அதனை மிஸ்திரியின் இடுக்கியால் வெட்டி ஒட்ட முடியாது.

கொல்கத்தாவில் இத்துறையில் களப்பணி செய்ய விரும்பும் மாணவர்கள், 2009க்கு முன் மேட்டடோர் ஓட்டியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யத் தொடங்கலாம். பட்டறைகளின் பழைய ரசீதுப் புத்தகங்கள், பேட்டரி வாடகைக் கடைகளின் குறிப்பேடுகள், ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டோரின் கணக்குகள் முதலியன யாரிடமேனும் இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். சென்னை, மதுரை, கோவைப் பட்டறைகளின் ஏடுகளாயினும் நன்று, ஒப்புநோக்க உதவும்.